தரவையும் தண்ணீரும்: தீவகத்துச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத் தீவகத்தின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள், கால்நடை வளர்ப்போர் சங்கங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள் ஆகியவற்றின் நிர்வாகத்தினருக்கும் அங்கத்தவர்களுக்கும்:

வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கள அலுவலகம் என்ற ஒன்று தீவகத்தாருக்குப் பெரும்பாலும் இரண்டு வேளைகளில்தான் நினைவுக்கு வருகிறது. ஆமை இறைச்சியோடு எவரேனும் பிடிபட்டு ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்தப்படும்போது ஒன்று. நெடுந்தீவில் எல்லைக்கல் பற்றிய முறைப்பாடு எழும்போது மற்றொன்று. இவ்விரண்டும் அவ்வலுவலகத்தின் பணிக்குள் அடங்குபவையே என்றாலும், அதன் பணி இவ்வளவுதான் என்று சங்கங்கள் எண்ணிவிடுமாயின் அதனால் வரும் நட்டம் முதலில் சங்கங்களையே சேரும். தீவகத்தில் காக்கப்பட வேண்டியவற்றுள் முதலிடம் எந்தத் தனி விலங்குக்கும் உரியதன்று, அது தரவை என்னும் திறந்த மேய்ச்சல் வெளியின் புல்லுக்கும் நன்னீருக்கும் உரியது என்பதும், அவ்விரண்டையும் மனிதரும் மாடும் குதிரையும் பறவையும் ஒருங்கே பங்கிட்டு வாழ்வதால் அவை பற்றிய முடிவுகளைத் திணைக்களம் தனியே எடுப்பதும் சங்கங்கள் கண்டும் காணாதிருப்பதும் ஒருசேரத் தவறு என்பதும் இம்மடலின் வாதம்.

இலங்கையில் காட்டுயிர் பற்றிய அடிப்படைச் சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமாகும். அதனை நடைமுறைப்படுத்துவதற்கென்று தனித் திணைக்களம் 1949ஆம் ஆண்டு ஒக்டோபரில் உருவாயிற்று. பணிப்பாளர் நாயகத்தின் கீழ் வலயங்களும், வலயங்களின் கீழ்க் களத்தில் நின்று பணியாற்றும் சிற்றலுவலகங்களுமாக அதன் அமைப்பு இறங்கி வருகிறது. ரோந்து செல்வது, இறந்த விலங்கைப் பதிவு செய்து இறப்பின் காரணத்தைத் தேடுவது, காயமுற்றதை மீட்பது, குற்றம் புரிந்தவரைக் கைது செய்து நீதிமன்றத்தில் முற்படுத்துவது, பூங்காவுக்குள் நுழைய அனுமதி வழங்குவது, இவை எல்லாவற்றையும் அறிக்கையாக்கி மேலே அனுப்புவது என்பன அச்சிற்றலுவலகத்தின் நாளாந்தப் பணிகள். இச்சட்டம் நிலத்தை வகை பிரித்தே பாதுகாக்கிறது என்பதைச் சங்கங்கள் தெளிவாக அறிந்திருத்தல் நன்று. தேசிய ஒதுக்கம் என்ற பெருவகைக்குள் தேசிய பூங்கா, இயற்கை ஒதுக்கம் முதலியன அடங்கும். அவை அரச காணியில் மட்டுமே அமையலாம், அவற்றுள் கட்டுப்பாடும் கடுமையானது. சரணாலயம் என்பது வேறு. அதற்குள் தனியார் காணியும் இருக்கலாம், அக்காணியில் வழமையான பயிர்ச்செய்கையும் தொடரலாம். சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாயிற்று. தீவகத்திலோ 2015 வரை தேசிய பூங்கா எதுவும் இருந்ததில்லை. போர் நடந்த ஆண்டுகளில் வடக்கில் இத்திணைக்களத்தின் பணி பெரும்பாலும் நின்றுபோயிருந்ததால், அதன் உத்தியோகத்தரைக் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

போர் முடிந்தபின் வட மாகாணத்தின் நிலங்களை எதெதற்குப் பயன்படுத்துவது என்று முன்கூட்டி ஆராய்ந்த ஒருங்கிணைந்த மூலோபாயச் சுற்றாடல் மதிப்பீடு 2014இல் வெளியாயிற்று. அதன் பரிந்துரையை அடுத்து 2015ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் திகதி நெடுந்தீவு, சுண்டிக்குளம், ஆதாம் பாலம், மடு வீதி ஆகிய நான்கும் வர்த்தமானி வாயிலாகத் தேசிய பூங்காக்களாயின. இவற்றுள் மிகச் சிறியது நெடுந்தீவுப் பூங்கா. அதன் பரப்பு 1,846 ஹெக்டேயர். எனினும் சிறியது என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. நெடுந்தீவு முழுவதும் ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர்தான் என்பதால் தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலான நிலம் அந்த ஒரே நாளில் பூங்காவாயிற்று. மடுவிலும் சுண்டிக்குளத்திலும் பூங்காவுக்கு வெளியே பெருநிலப்பரப்பு விரிந்து கிடக்கிறது. நெடுந்தீவில் பூங்காவுக்கு வெளியே எஞ்சுவது ஊரும் அதைச் சுற்றிய கடலுமே.

இதனோடு சட்டத்தின் 9அ பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தேசிய ஒதுக்கமொன்றின் எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் எவ்வகை அபிவிருத்தி நடவடிக்கையானாலும், பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல முன்னனுமதி இன்றி மேற்கொள்ளலாகாது என்று அப்பிரிவு விதிக்கிறது. யால அல்லது வில்பத்துவின் எல்லையில் ஒரு மைல் என்பது மெல்லிய கரை போன்றது. எட்டுக் கிலோமீற்றர் நீளமும் ஆறு கிலோமீற்றர் அகலமும் தாண்டாத நெடுந்தீவிலோ அந்த ஒரு மைல் குடியிருப்புக்குள் ஆழமாக வந்துவிடுகிறது. பூங்காவின் கோடு வீட்டு வாசலில் நிற்காவிட்டாலும் அக்கோட்டின் நிழல் வாசல்வரை வருகிறது என்பதை அறியாமல் ஒரு பிரதேச சபை வீதித் திட்டம் தீட்டினாலும், ஒரு சங்கம் களஞ்சியம் கட்ட முற்பட்டாலும், பின்னர் வேலை இடைநிறுத்தப்படும்போது கள அலுவலகத்தின் மீது கோபம் கொள்வதில் பயனில்லை. அலுவலகமும் அதனைப் பிரச்சினை எழுந்தபின் சொல்வதைவிட முன்கூட்டியே, தமிழில், வரைபடத்தோடு சொல்லியிருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

நெடுந்தீவுப் பூங்காவை வெளியார் அறிவது அதன் மட்டக்குதிரைகளால். போர்த்துக்கேயர் கொண்டுவந்தனர் என்றும் ஒல்லாந்தர் அவற்றை இங்கே இனம்பெருக்கிப் படைக்கும் சவாரிக்கும் அனுப்பினர் என்றும் வரலாறு கூறுகிறது; குதிரை லாயத்தின் இடிபாடுகள் இன்றும் தீவில் உள்ளன. பிரித்தானியர் காலத்தின் தொடக்கத்தில் லெப்டினன்ட் நோலன் என்பவர் பொறுப்பிலிருந்தபோதும் குதிரை வளர்ப்புத் தொடர்ந்தது. பின்னர் அத்தொழில் கைவிடப்பட்டதும் குதிரைகள் தரவையில் விடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்களே இன்று மேய்பவை. உயிரியலாளர் இத்தகைய விலங்கைக் காட்டு விலங்கு என்று கொள்வதில்லை. ஒருகாலத்தில் வீட்டு விலங்காயிருந்து, கட்டறுந்து, மனிதர் துணையின்றி இனம்பெருக்கி வாழ்வது அது. கட்டாக்காலி என்று தீவகத்தார் மாட்டுக்கும் ஆட்டுக்கும் சொல்லும் சொல்லே அதற்கும் பொருந்தும். இங்கேதான் சட்டத்துக்கும் களத்துக்கும் இடையில் ஒரு விசித்திரம் தோன்றுகிறது. தேசிய பூங்காவுக்குள் வளர்ப்பு விலங்கை மேயவிடுவது குற்றம். அப்பூங்காவின் அடையாளமோ கட்டாக்காலியாகிவிட்ட ஒரு வளர்ப்பு விலங்கு. வேலிக்குள் பசு மேய்ந்தால் அது அத்துமீறல், அதே வேலிக்குள் குதிரை மேய்ந்தால் அது மரபுரிமை என்று கால்நடை வளர்ப்போர் கசப்போடு சொல்வார்களாயின், அக்கசப்பில் நியாயம் இல்லை என்று எளிதில் தள்ளிவிட முடியாது.

இவ்விசித்திரத்தை நேர்கொண்டு பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை; பாக்கு நீரிணையின் மறுகரையில், நாகபட்டினம் மாவட்டத்தின் கோடியக்கரையில் அதற்கு ஏறத்தாழ இரட்டைப் பிள்ளை ஒன்று உண்டு. கோடியக்கரை காட்டுயிர்ச் சரணாலயம் 1967இல் அறிவிக்கப்பட்டது; அதன் பரப்பு 1,726 ஹெக்டேயர், அதாவது நெடுந்தீவுப் பூங்காவை விடச் சற்றே குறைவு. அதே வாடைக்காற்று, அதே மாரிமழை, அதே நீண்ட கோடை, அதே உவர்மண் அங்கும் உண்டு. அங்கும் கட்டாக்காலிக் குதிரைகள் உண்டு. ஆனால் அச்சரணாலயம் முதன்மையாக வெளிமானுக்கென அமைந்தது. வெளிமான் திறந்த புல்வெளியில் மேயும் விலங்கு. சீமைக்கருவேலம் புல்வெளிக்குள் பரவி இடத்தைச் சுருக்கச் சுருக்க, எஞ்சிய புல்லுக்குக் குதிரையும் போட்டிக்கு வருகிறது என்பதை அங்கே நடந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. ஆகவே, நீரிணையின் அக்கரையில் காட்டுயிர் அலுவலர் கண்ணுக்குக் குதிரை ஒரு பாரம். இக்கரையில் அதுவே பூங்காவின் செல்வம். இரண்டு கரைகளிலும் விலங்கு ஒன்றே, புல்லும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபடுவது எதற்காக இந்த நிலம் காக்கப்படுகிறது என்ற கேள்விக்கான விடை மட்டுமே. அவ்விடையைக் கோடியக்கரை வெளிமானை முன்வைத்துக் கண்டுகொண்டது. நெடுந்தீவில் அவ்வாறு முன்வைக்க வெளிமான் இல்லை என்பதால் விடை தேவையில்லை என்றாகிவிடாது.

கடலுக்கு அப்பால் வேறு இரண்டு தீவுகள் இரண்டு வேறு விடைகளைத் தெரிந்தெடுத்தன. அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள அசட்டீக் தீவில், வர்ஜீனியா மாநிலத்துக்கு உரிய பகுதியிலுள்ள குதிரைகள் அருகிலுள்ள சின்கோட்டீக் ஊரின் தொண்டர் தீயணைப்புப் படைக்குச் சொந்தம். நடுவண் அரசின் காட்டுயிர்ப் புகலிடத்தில் அவற்றை மேயவிட அனுமதி உண்டு, ஆனால் வளர்ந்த குதிரைகள் 150க்கு மேற்படக்கூடாது. ஆகவே ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் கால்வாயை நீந்திக் கடக்கச் செய்து குட்டிகளை ஏலம் விடுகின்றனர். கனடாவின் சேபிள் தீவிலோ 1961 முதல் குதிரைகளைத் தொடுவதே சட்டத்தால் தடுக்கப்பட்டது. 2013இல் தேசிய பூங்கா ஒதுக்கமான பின்னும் மழையும் பனியும் புல்லும் எத்தனையைத் தாங்குமோ அத்தனையே வாழட்டும் என்பது அங்குள்ள வழி. முன்னதில் ஊரார் உரிமையாளர், எண்ணிக்கை எழுத்தில் உண்டு. பின்னதில் மனிதர் கைவைப்பதில்லை, குதிரை பட்டினியால் செத்தாலும் தலையிடுவதில்லை. நெடுந்தீவுக்கு இவ்விரண்டில் எதுவும் அப்படியே பொருந்தாது என்பது வெளிப்படை. சேபிளில் குதிரையோடு தண்ணீருக்குப் போட்டியிட நிரந்தரக் குடிகள் இல்லை. சின்கோட்டீக்கில் கோடைதோறும் கிணறு உவர்ப்பதில்லை. எனினும் இரண்டிலும் கொள்கை எழுத்தில் கிடக்கிறது, எவரும் எடுத்துப் படிக்கலாம்.

குதிரை பற்றிய பேச்சு கடைசியில் தண்ணீரில்தான் போய் நிற்கிறது. நெடுந்தீவு முருகைக்கல்லாலான தட்டையான தீவு. ஆறு இல்லை, பெரிய குளம் இல்லை. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வாடைக்காற்றோடு பெய்யும் மழைநீர் கல்லின் துளைகள் வழியே இறங்கி, நிலத்தடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் கடல்நீரை விட அடர்த்தி குறைந்ததால் இரண்டும் உடனே கலந்துவிடுவதில்லை. நன்னீர் நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் ஒரு வில்லை வடிவில் நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தப் பொறியியலாளர் கைபனும், சற்றுப் பின்னர் ஜேர்மானியர் ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்டறிந்த கணக்கின்படி, நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நிற்கும். இக்கணக்கைத் தலைகீழாகப் பார்க்கையில்தான் அதன் ஆபத்து புரியும்: மோட்டாரால் இறைத்து மேல்மட்டத்தை ஒரு சாண் தாழ்த்தினால், அடியிலிருந்து உவர்நீர் அதைப்போல் நாற்பது மடங்கு மேலேறும். மணலைக் கைமுழம் தோண்டி, ஊறும் நீரைச் சிரட்டையால் அள்ளும் பூவல் என்ற முறையைத் தீவகத்தார் கண்டது அறியாமையால் அன்று. மேல் நீரை மட்டும் மெல்ல எடுத்து, அடியிலுள்ள உவரைத் தொந்தரவு செய்யாதிருப்பதற்கு அதைவிடச் சிறந்த கருவி இல்லை.

மாசிக்குப் பின் மழை நின்று, சோளகக் காற்று அடிக்கத் தொடங்கியதும் தரவை காய்கிறது. துரவுகளும் கேணிகளும் அடிமண் தெரிய வற்றுகின்றன. வறட்சி நீடித்த ஆண்டுகளில் குதிரைகள் தண்ணீரின்றி விழுந்து இறந்ததை யாழ்ப்பாணப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதியுள்ளன. ஒவ்வொரு முறையும் படம் வெளியான பின் பவுசரில் நீர் வருகிறது, தொட்டி நிரப்பப்படுகிறது, மழை பெய்ததும் அப்பேச்சு அடங்கிவிடுகிறது. இவ்வாறு தண்ணீரைத் தானமாகக் கொடுப்பது களப்பணி ஆகாது. எந்தக் கேணி எந்த மாதத்தில் உவர்க்கிறது, எந்தத் துரவில் விலங்கு இறங்கினால் ஏற முடியாமல் சிக்கும், எங்கே தொட்டி வைத்தால் மாடும் குதிரையும் ஓரிடத்தில் நெரிந்து புல்லைத் தரிசாக்கும் என்பவற்றைக் குறித்து வைத்து, மழைக்கு முன்பே கேணியைத் தூர்வாரி வைப்பதுதான் களப்பணி. தொட்டி வைக்கும் இடத்தைத் தவறாகத் தெரிந்தெடுத்தால் குதிரைக்குச் செய்த உதவி தரவைக்குக் கேடாய் முடியும். இந்த அறிவு எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் கிடைப்பதன்று. நெடுந்தீவின் மாட்டுக்காரரிடம் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதிக்கொள்ளாத கள அலுவலகம் தன் வேலையின் பாதியைச் செய்யவில்லை என்றே கொள்ள வேண்டும்; கேட்டால் சொல்ல மறுக்கும் சங்கமும் அப்படியே.

கடற்றொழிலாளர் சங்கங்களை இம்மடல் தனியே நோக்குவதற்குக் காரணம், தீவகத்தில் காட்டுயிர்ச் சட்டம் மிகுதியும் கடற்கரையில்தான் மீறப்படுகிறது என்பது. ஆமை இறைச்சி உண்ணும் பழக்கம் இங்கே மிகப் பழையது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், யாழ்ப்பாணச் சந்தையில் ஆமையை உயிரோடு கிடத்தி, ஓட்டைப் பிரித்து, கேட்டவர் கேட்ட பகுதியை அறுத்து விற்றதையும், விலைபோகாத இதயமும் தலையும் கடைசிவரை துடித்துக் கிடந்ததையும் எழுதி வைத்துள்ளார். 1840இல் பாணந்துறையில் ஆமை இறைச்சி உண்ட 28 பேரில் 18 பேர் ஒரே இரவில் மாண்டதையும் அவரே பதிவு செய்தார். ஆமை உண்ணும் சிலவற்றிலிருந்து அதன் தசையில் சேரும் நஞ்சு சமைத்தாலும் அழிவதில்லை என்பதைப் பிற்கால மருத்துவம் உறுதிப்படுத்தியது. 1972 முதல் இலங்கையில் கடலாமைகள் ஐந்தும் முழுப் பாதுகாப்புப் பெற்றவை. பிடிப்பதும் கொல்வதும் விற்பதும் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். தற்செயலாக அகப்பட்ட ஆமையை, வலையை அறுத்து விடுவிப்பதால் வலைக்காரருக்கு நேரும் நட்டம் உண்மையானதுதான். ஆனால் அதனை இறைச்சியாக்கி ஈடுசெய்ய முற்படுவோரைச் சங்கம் மறைப்பது, உறுப்பினர் அனைவரையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது.

கரையொதுங்கிய ஆமையைக் கள உத்தியோகத்தர் எவ்வாறு பதிவு செய்கிறார் என்பதைக் கடற்றொழிலாளர் அறிந்திருப்பது பயன் தரும். முதலில் இனம்: ஓட்டில் செதில் தட்டுகளே இல்லாமல் நீளவாட்டில் ஏழு முகடுகள் ஓடினால் அது ஏழுவரி ஆமை. தட்டுகள் இருந்து, மூக்குக்கும் கண்ணுக்கும் இடையில் ஒரே சோடிச் செதில் இருந்தால் பேராமை. இரண்டு சோடி இருந்து, ஓட்டுத் தட்டுகள் ஓட்டின்மேல் ஓடாக வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் அழுங்காமை. பின்னர் அளவுநாடாவைக் கழுத்தருகிலிருந்து ஓட்டின் வளைவின் மேலே படியவிட்டு வால்பக்க நுனிவரை அளக்கிறார்; துடுப்பில் வலைநூல் அறுத்த தழும்பு உண்டா, ஓட்டில் படகின் காற்றாடி வெட்டிய கோடு உண்டா என்று பார்க்கிறார். இப்பதிவுகள் ஆண்டுக்கணக்கில் சேரும்போதுதான் எந்த வலை, எந்தக் காலத்தில், எந்தக் கரையில் ஆமையைக் கொல்கிறது என்று சொல்ல முடியும். தகவல் தராத கரையில் எல்லா வலையும் ஒருசேரக் குற்றவாளியாகிவிடும்.

கடற்பசுவைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் இறுக்கமானது. ஆவுளியா என்று கரையோர மக்கள் வழங்கும் இவ்விலங்கு கடற்புல்லை மட்டுமே நம்பி வாழும் பாலூட்டி. பத்து வயதளவில்தான் பருவமடைகிறது, பதின்மூன்று பதினான்கு மாதம் சுமந்து ஒற்றைக் குட்டி ஈனுகிறது, அடுத்த ஈற்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய இதற்கு நீருக்கடியில் கிடக்கும் வலை கழுத்துக் கயிறாகிவிடுகிறது. அது மேய்ந்து போன இடத்தில் புற்பரப்பை ஏர் கீறியதுபோல் ஒடுங்கிய தடம் எஞ்சும். வற்றுநீரில் பரவைக்கடலில் நடப்போர் கண்ணுக்கே அது முதலில் படும். தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் பாக்கு விரிகுடாவின் தன் பக்கத்தில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்துள்ளது. விலங்குக்குக் கடலெல்லைக் கோடு தெரியாது. தீவகப் பக்கத்துப் புல்வெளி அழிந்தால் அக்கரையின் பாதுகாப்பகம் பாதிப் பயனே தரும்.

இங்குதான் கள அலுவலகத்தின் கை குறுகியது என்பதைச் சங்கங்கள் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆவுளியா அவ்வலுவலகத்தின் பொறுப்பு. ஆவுளியா தின்னும் புல், பூங்காவுக்கும் ஒதுக்கத்துக்கும் வெளியே இருக்குமானால், அதன் நேரடிப் பொறுப்பில் இல்லை. கடற்றொழில் முறைகள் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்துக்கு உரியவை; இழுவைமடித் தொழிலை 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தடைசெய்தது, ஆயினும் எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் புல்லைச் சுரண்டிப் போவதைத் தீவகத்தார் அன்றாடம் காண்கின்றனர். கடலட்டைப் பண்ணைகள் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் கீழ் வருவன; கண்டற்காடு பெரும்பாலும் வன பரிபாலனத் திணைக்களத்தின் கையில். ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கங்களில் ஆழங்குறைந்த கடலை வலையடைத்துப் பண்ணை அமைத்தபோது எழுந்த எதிர்ப்புகள் இறங்குதுறையும் வள்ளப் பாதையும் பற்றியே அமைந்தன; அடைக்கப்பட்ட இடத்தில் புல் இருந்ததா, அதில் மேய்ச்சல் தடம் இருந்ததா என்ற கேள்வி உரக்கக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்கேள்விக்கு விடை தருவது வனசீவராசிகள் அலுவலகத்தின் கடமையாகியிருக்கும்.

பறவைகள் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மத்திய ஆசியப் பறப்புப் பாதை என்று அறிஞர் வழங்கும் வழியில் குளிர்காலத்தில் இறங்கிவரும் பறவைகளுக்கு மன்னாரிலிருந்து தீவகம்வரையான சேற்றுக்கரைகள் வழியின் இறுதித் தங்குமடங்களுள் அடங்கும்; அவற்றுள் வங்காலைச் சரணாலயம் 2010இல் பன்னாட்டுச் சிறப்பு வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தீவகச் சேற்றுக்கரைகளுக்கு அவ்வாறான கவசம் எதுவும் இல்லை. மண்டைதீவில் 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி பன்னாட்டுக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது சூழலியலாளர் எழுப்பிய கவலைகளுக்கு அடிப்படை இதுவே. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கு இந்திய நன்கொடையில் அமையும் கலப்பு மின் திட்டத்துக்கு 2024 மார்ச் மாதத்தில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. சூரிய ஒளியோடு காற்றாலையும் அதில் அடங்கும். டீசல் புகையை விட அது மேலானது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆயினும் காற்றாடி எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பறவை எங்கே இறங்குகிறது என்று தெரிந்தவரிடம் கேட்டுத் தீர்மானிப்பதில் செலவு எதுவும் கூடிவிடாது.

எல்லைக்கோடு வரைந்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கையும் ஆய்வுக்கு உரியது. மன்னார் மாவட்டத்தின் விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. எட்டே ஆண்டுகளில், 2024இல், அதன் ஒரு பகுதியை நீருயிரின வளர்ப்புக்கென விடுவிக்கும் வர்த்தமானி வெளிவந்தது, சூழலியல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. தலைநகரில் வரைந்த கோட்டைத் தலைநகரிலேயே அழிக்கவும் முடியும் என்பதற்கு இது போதிய சான்று. அழிக்கும் கை தயங்க வேண்டுமானால், அக்கோடு எதற்காக உள்ளது என்பதை அறிந்து அதற்காகப் பேசக்கூடிய மக்கள் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். 2015இல் நெடுந்தீவுப் பூங்கா எவ்வளவு பேச்சோடு உருவாகியிருந்தாலும், அதன் எல்லையை இன்றும் முறைப்பாட்டின் வழியாகவே அறிந்துகொள்ளும் ஒரு மாட்டுக்காரர் நாளை அதற்காகப் பேசுவார் என்று எதிர்பார்க்க நியாயமில்லை.

ஆகவே சங்கங்களிடம் இம்மடல் வேண்டுவது மறியலோ மனுவோ அன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் ஓர் அரச திணைக்களத்திடம் எழுத்தில் தகவல் கோரலாம்; தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவை அறிவித்தாக வேண்டும். நெடுந்தீவுத் தேசிய பூங்காவின் எல்லை வரைபடம், 9அ பிரிவின் ஒரு மைல் வட்டம் எந்தெந்தக் கிராம அலுவலர் பிரிவுகளைத் தொடுகிறது என்ற விவரம், பூங்காவின் முகாமைத்துவத் திட்டம், அதாவது எதைக் காப்பது, எவ்வளவு குதிரையை இந்தத் தரவை தாங்கும், கோடையில் நீருக்கு என்ன வழி என்று எழுதப்பட்ட ஆவணம், கடந்த ஆண்டுகளில் தீவகக் கரைகளில் பதிவான ஆமை, கடற்பசு இறப்புகளின் பட்டியல் ஆகியவற்றைக் கோருவதற்கு ஒரு தாளே போதும். கிடைக்கும் ஆவணத்தைச் சங்கக் கட்டடத்தில் எவரும் பார்க்கும்படி ஒட்டிவைக்கலாம். ஆவணமே இல்லை என்று பதில் வந்தால், அதை ஆக்கும் கூட்டத்தில் மாட்டுக்காரருக்கும் வலைக்காரருக்கும் இருக்கை வேண்டும் என்று கேட்பதற்கு அப்பதிலைவிட வலுவான ஆதாரம் கிடைக்காது. சோளகம் தொடங்கிக் குறிகட்டுவான் படகுகள் தடுமாறும் முன்பே, அடுத்து வரும் பொதுக்கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றி, தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்டு, விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புமாறு தீவகத்துச் சங்கங்கள் அனைத்தும் கேட்டுக்கொள்ளப்படுகின்றன.